போட்டதும் போடாததும்

அந்த ஓர் ஊசியைப் போட்டிருந்தால் பிள்ளைக்கு இது வந்திருக்காது என்று ஆவுடையம்மாளிடம் முதன்முதலில் சொன்னது நர்ஸ் எஸ்தர். சொன்னது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதம், அம்மன் கோயிலில் தபசுத் திருநாளுக்குக் கொடியேறின மறுநாள், தெருக் குழாயடியில். இடுப்பில் குடம், தோளில் பதினோரு மாதத்துப் பிள்ளை நயினார். அவன் வலது காதிலிருந்து வடிந்த சீழ் அவள் ரவிக்கைத் தோளில் காய்ந்து மொரமொரவென்று ஒட்டியிருந்தது. எஸ்தர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு இவளும் இரண்டு வார்த்தை சொல்லி அதோடு மறந்திருப்பாள். பிள்ளையின் காதுமடலை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூடக் கேட்காத குரலில், "வரிசையில நின்னுக்கிட்டுத்தானக்கா இருந்தீங்க, எதுக்குப் பாதியில போனீங்க? அந்த ஒரு ஊசியைப் போட்டிருந்தா இது வந்திருக்காது" என்றாள். அப்படித்தான் சொன்னாளா, இல்லை "அநேகமா வந்திருக்காது" என்றாளா என்பது மட்டும் ஆவுடைக்கு இந்த முப்பத்திரண்டு வருஷமாகப் பிடிபடவே இல்லை. விளக்கேற்றி முடித்துக் கண்ணை மூடினால் சில நாள் அந்த 'அநேகமா' இருக்கிறது, சில நாள் இல்லை. இருக்கிற நாளில் சோறு இறங்குகிறது.

இப்போது மணி பத்தரை இருக்கும். புதன்கிழமை, ஊசி போடும் நாள். சுகாதார நிலையத்தின் நீளமான வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாய்மார்களும் பிள்ளைகளுமாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள், பால் புளித்த வாடையும் பவுடர் வாடையும் டெட்டால் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது. ஆவுடையின் கையில் டோக்கன், இருபத்து மூன்று. உள்ளேயிருந்து பதினாலு என்று கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் மகள் கோமதி, அவள் மடியில் ஒன்பது மாதம் முடிந்த மகிழினி, அது ஆவுடையின் முந்தானை நுனியை வாயில் வைத்து ஈறால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பு தோள்வரை வந்து வந்து போனது, யாரோ கூப்பிடுகிற மாதிரி. வார்டு நர்ஸ் மூன்று தடவை ஃபோன் பண்ணி, நாலாவது தடவை வாசலுக்கே வந்துவிட்டாள், ஓடைத் தெருவில் ஒரு பிள்ளைக்கு மணல்வாரி அம்மை வந்து பெரியாஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடக்கிறது என்று சொன்னாள், அதற்காகத்தான் இவர்கள் கிளம்பி வந்ததே. வந்தும் கோமதி முடிவாக இருந்தாள். "வைட்டமின் சொட்டு மட்டும் ஊத்திக்கிடுவோம். ஊசி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருவோம்" என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள், அதுதான் ஆவுடையின் நெஞ்சில் மீன்முள்ளாக நிற்கிறது. "நீயே யோசிம்மா. அண்ணனுக்குப் போட்டீங்க, காது போச்சு. எனக்குப் போடல, நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இதுக்கு மேல எந்த டாக்டர் வந்து சொல்லணும்?" ஆவுடை ஆட்டோக்காரனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் சட்டையில் காலருக்குக் கீழே ஒரு தையல் விட்டிருந்தது. அதைச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

போட்டது, போடாதது. நயினாருக்குப் போட்டது. கோமதிக்குப் போடாதது. இல்லை, அப்படிச் சொல்லியிருக்கிறது. சொல்லிச் சொல்லி நாக்கில் அது தடமாகப் பதிந்துவிட்டது, வண்டிமாடு தன்னால் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி வார்த்தை தன்னால் அங்கேதான் போய் நிற்கிறது. உள்ளதைச் சொன்னால் நயினாருக்கு அந்த ஊசி போடவே இல்லை, போட்டது கோமதிக்குத்தான். இதைத் தனக்குள் சொல்லிப் பார்க்கும்போதே யாரோ வேறொரு வீட்டுக் கதையைக் கேட்பதுபோல இருந்தது. ஏனென்றால் நயினாருக்கு ஊசி போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு புஜத்தில் பட்டதும் பிள்ளை சிலிர்த்தது, ஊசி இறங்கினதும் வாயை முழுசாகத் திறந்து சத்தமே வராமல் முகம் நீலம்பாரித்து, அப்புறம், ஒரு சாமி தேர் நகருகிற நேரம் கழித்துத்தான் அந்த அழுகை வெடித்தது. எத்தனை தடவை இதை அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பாள். கேட்டவர்களெல்லாம் உச்சுக்கொட்டுவார்கள். அந்த அழுகை நயினாருடையது இல்லை. அது கோமதி அழுதது, நாலு வருஷம் கழித்து. கோமதியின் அழுகையை எடுத்து நயினார் வாயில் வைத்துவிட்டாள். எப்போது வைத்தாள் என்று தேடினால் கிடைக்கவில்லை, ஒரு டப்பாவில் இருந்த உளுந்து இன்னொரு டப்பாவுக்குப் போய், மூடியும் மாறிப்போன மாதிரி.

"பதினஞ்சு!" ஒரு இளவட்டத் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். கதவு திறந்தே கிடந்தது, நர்ஸின் குரல் வெளியே வந்தது. "ஊசி உங்களுக்கா பிள்ளைக்கா? நீங்க ஏன் சார் கண்ணை மூடுதீங்க?" வராந்தா முழுக்கச் சிரித்தது. கோமதியும் சிரித்தாள், சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தி மகிழினியின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆவுடையின் வீட்டுக்காரர் சுப்பையாவும் அப்படித்தான், ரத்தம் பார்த்தால் ஆகாது. தறிக்காரர், நாடா இழுத்து இழுத்துக் கை இரும்பாக இருக்கும், ஆனால் பிள்ளை முழங்காலில் ஒரு சிராய்ப்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால்தான் அன்றைக்கு வரவில்லை. "ஆவுடை, தறிக்கூடத்துல ரேடியோல சொன்னான், ஒம்பதாம் மாசம் மணல்வாரிக்கு ஒரு ஊசி இருக்காம். சங்கக் கட்டடத்துல போடுதாங்க. போட்டுட்டு வந்துரு" என்றார். முந்தின ஊசிகளெல்லாம் போட்டாகிவிட்டது, மூன்று சொட்டு, மூன்று ஊசி, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடுவில் பங்குனி வந்துவிட்டது. பங்குனியில் ஏழு மாதத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, வெள்ளை மட்டும் தெரிந்து, கட்டை மாதிரி விறைத்துப்போனான். நயினாருக்கு முன்னால் இரண்டு வயிற்றிலேயே போனது. மூன்றாவதும் மடியில் இப்படிக் கிடக்கும்போது ஆவுடை கோயில் இருந்த திசையைப் பார்த்து, தாயே, ஆடித் தபசுக்கு உன் சந்நிதியில் முதல் முடி எடுக்கிற வரைக்கும் பிள்ளை உடம்பில் இரும்பு படவிட மாட்டேன், இவனை மட்டும் விட்டுரு என்றாள். அம்மன் கேட்டாளா? இரும்பு வேண்டாம் என்று அம்மன் கேட்கவே இல்லை. இவளாகத்தான் சொன்னாள். கொடுக்கிறதற்குக் கையில் வேறு என்ன இருந்தது? பிள்ளை கண்ணைத் திறந்தான். அன்றையிலிருந்து அவன் நகத்தைக்கூட அவள் பிளேடால் வெட்டவில்லை, பல்லால் கடித்தே எடுத்தாள், பாலும் மண்ணுமாக இனித்தது. நேர்ந்துகொண்டதை வெளியில் சொன்னால் பலிக்காது என்று சுப்பையாவிடமும் சொல்லவில்லை. அங்கேதான். அங்கேதான் அது ஆரம்பித்தது. அல்லது அதற்கும் முன்னாலா.

சங்கக் கட்டடத்தில் வரிசை. வைகாசி வெயில். தனக்கு முன்னால் மூன்று பேர். நான் ஊசியைப் பற்றி நினைக்கவே இல்லையே, அது இரும்பு என்று எனக்குத் தோணவே இல்லையே என்று ஆவுடை இப்போதும் ஆச்சரியப்பட்டாள். ஊசி என்றால் மருந்து, டாக்டர், அவ்வளவுதான். எஸ்தர் கொதித்த பாத்திரத்திலிருந்து கிடுக்கியால் அதை எடுத்தாள், ஆவியோடு, நீர் சொட்ட, ஜன்னல் வெயில் அதில் பட்டு ஒரு மினுக்கு மினுக்கியது. இரும்பு! உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. தபசுக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. முடி எடுத்த மறுநாளே வந்து போட்டுக்கொண்டால் போயிற்று, இரண்டரை மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது. பின்னால் நின்றவளிடம் "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் சுப்பையா தறிக்குழியிலிருந்தே கேட்டார், "போட்டாச்சா?" தறிச் சத்தம். "போட்டாச்சு." ஒரே ஒரு வார்த்தை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்பில் உலை வைத்தாள், அரிசி களைந்தாள், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. ஒரு பொய் சொன்னால் வீட்டில் ஏதாவது மாறும் என்று சின்னப் பிள்ளையில் நினைத்திருக்கிறாள். ஒன்றும் மாறவில்லை. ஆனி கடைசியில் பிள்ளைக்குக் கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, காதுக்குப் பின்னாலிருந்து செம்மண் வாரி இறைத்த மாதிரி முகம், நெஞ்சு, வயிறு என்று இறங்கியது. வேப்பிலை கட்டினாள். அம்மா வந்திருக்கிறாள், விளையாடிவிட்டுப் போவாள் என்றாள். மருந்து கொடுக்கக் கூடாது என்று அவளேதான் சொன்னாள். அம்மைக்கு முதல் தண்ணீர் ஊற்றின மூன்றாம் நாள் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு கத்தினான், கத்தினான், அப்புறம் சீழ் வந்தது, கத்துவது நின்றது. நின்றதும் அம்மன் இறங்கிவிட்டாள் என்று மாவிளக்குப் போட்டாளே! சவ்வு கிழிந்துதான் வலி நின்றிருக்கிறது. நின்ற வலிக்கு மாவிளக்கு.

"பதினெட்டு, பத்தொம்பது ரெண்டு பேரும் வாங்க." இரண்டு பேரையா? அவ்வளவு சீக்கிரமா? மகிழினி முந்தானையை விட்டுவிட்டு ஆவுடையின் வளையலைப் பிடித்தது. பிடி வலுவாக இருந்தது. எதிர் நாற்காலிக்காரி கோமதியிடம் "ஒம்பதாம் மாசமாக்கா? ரெண்டு கையிலயும் போடுவாங்க. என் பெரியவன் ஒரு ராத்திரி அனத்துனான், மறுநாள் எங்க மாமியார் மருந்து டப்பாவைக் கவுத்திட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோமதி "நாங்க ஊசி போடல, சொட்டுதான்" என்றாள். "ஏன்க்கா?" "எங்க வீட்டுக்கு அது ஆகாது. எங்க அண்ணனுக்கு அதுலதான் காது போச்சு." அந்தப் பெண் தன் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். ஆவுடையும் அந்த டோக்கனையே பார்த்தாள். இது இப்போது இந்தப் பிள்ளைக்கும் போய்விட்டது. ஒரு வார்த்தை, தறிச் சத்தத்தில் சொன்னது, அது இவ்வளவு தூரம் நடந்து வந்து முகம் தெரியாத ஒருத்தி மடியில் உட்காருகிறது. நான் சொல்லவில்லை, ஊசியால் காது போச்சு என்று நான் ஒருநாளும் முதலில் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து டீச்சர் நயினாரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆளனுப்பினாள், வலது காது சுத்தமாக இல்லை, இடது பாதி. சுப்பையா வந்து உட்கார்ந்தவர் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். "நான்தான் போய்ப் போட்டுட்டு வான்னேன். என் பிள்ளை காதை நானே குத்திட்டேன். அந்த ஊசிதான் அம்மையை உள்ள விட்டுருக்கு." அப்போது சொல்லியிருக்கலாம். அறைந்த கையைப் பிடித்தாளே, பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததும் பேச்சுத்தான். அதற்கு முன்னாலேயே அவர் கைக்குழந்தைக் கோமதிக்கு ஊசியே கூடாது என்று சொல்லியிருந்தார். மணல்வாரி ஊசி போட்டும் மணல்வாரி வந்த வீடு இது என்பார். ஆவுடை மண்ணெண்ணெய் வாங்கப் போகிறேன் என்று ரேஷன் கேனையும் கோமதியையும் தூக்கிக்கொண்டு போய் எஸ்தரிடம் போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலம் பிள்ளைக்கு மேல் சுட்டது. "பல்லு முளைக்குது" என்றாள். அவர் சந்தேகப்படவில்லை. அவருக்குச் சந்தேகப்படவே தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போகும்வரைக்கும், நயினாருக்குப் பெண் பார்க்கப் போய் இரண்டு இடம் தட்டிப்போனபோதும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அவனைப் பஸ் ஏற்றிவிட்டபோதும், "என்னாலதாம்ல" என்றார். நயினார் சிரிப்பான். "அந்தக் கம்பெனி மெஷின் சத்தத்துல எல்லாரும் செவிடுதாம்ப்பா. நான் கொஞ்சம் முன்னாடியே ரெடியா போயிட்டேன்." அப்பனுக்காகச் சிரித்தானா, நிஜமாகவே சிரித்தானா.

இதைக் கேட்டால் கோமதி என்ன நினைப்பாள். நயினார் என்ன நினைப்பான். ஐம்பத்தெட்டு வயதில் பிள்ளைகள் முன்னால் இப்படி நிற்க வேண்டுமா, பேசாமல் டாக்டரம்மாவைக் கொண்டு சொல்ல வைத்தால் என்ன, டாக்டரம்மா சொன்னால் கேட்காமலா போவாள், கேட்க மாட்டாள், இதுக்கு மேல எந்த டாக்டர் வந்து சொல்லணும் என்றுதானே கேட்டாள். தாயே, வாயைத் திறக்க வை என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்து, அதோடு எதையாவது சேர்த்து நேர்ந்துகொள்ள நாக்கு எழுந்தது. முடி தருகிறேன், அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று எதையாவது. ஆவுடை பல்லைக் கடித்து அதை அப்படியே நிறுத்தினாள். இந்தத் தடவை வேண்டாம். வெறும் கையோடு கேட்கிறேன். ஒருவேளை எஸ்தர் 'அநேகமா' என்றுதான் சொல்லியிருப்பாள். அப்படியென்றால் போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், அப்படியென்றால் நான் ஒன்றும் செய்யவில்லை, அப்படியென்றால்... "இருபத்தொண்ணு!" இருபது எங்கே போயிற்று? கூப்பிட்டார்களா? அநேகமா என்றாலும், வந்திருக்காது என்பதுதானே அதற்கும் பின்னால் நிற்கிறது.

"உனக்குப் போட்டேன்" என்றாள் ஆவுடை. தலையிலிருந்து ஆரம்பிக்க நினைத்தாள், வாலிலிருந்துதான் வந்தது.

கோமதி திரும்பினாள். "என்னம்மா?"

"உனக்குப் போட்டேன், தாயி. அந்த ஊசி. உங்க அப்பாவுக்குத் தெரியாம. அண்ணனுக்குத்தான் போடல."

"என்ன உளறுத? அண்ணனுக்குப் போட்டுத்தானே..."

"போடல. வரிசையில நின்னேன். ஒரு நேர்ச்சை இருந்துச்சு, இரும்பு படக்கூடாதுன்னு. திரும்பி வந்துட்டேன். வந்து போட்டாச்சுன்னு சொல்லிட்டேன். ஊசியால போகல அவன் காது. ஊசி இல்லாமத்தான் போச்சு."

கோமதியின் உதடு கோணியது, சின்னதில் பல்பம் திருடினது யார் என்று கண்டுபிடிக்கும்போது கோணுகிற மாதிரியே. "யாரு சொல்லிக் குடுத்தா? அந்த வார்டு நர்ஸா? நான் போட்டுக்கிடணும்னுதான இப்பிடி ஒரு கதை சொல்லுத?"

ஆவுடைக்கு ஒன்றும் புரியவில்லை. பொய்யைச் சொன்னபோது ஒரு வார்த்தையில் நம்பினார்கள். உள்ளதைச் சொன்னால் கதை என்கிறாள். தனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றிவிட்டது, உண்மையிலேயே நான் இப்போதுதான் கட்டிச் சொல்லுகிறேனோ, பஞ்சு, ஸ்பிரிட், அந்த வாய் திறந்த முகம், அது நயினார் முகம்தானோ.

"அப்ப அம்மன் மேல சத்தியம் பண்ணு" என்றாள் கோமதி.

"மாட்டேன்."

"பாத்தியா!"

"மாட்டேன் தாயி. அவனுக்கு அம்மை போட்டப்போ உங்க அப்பா கேட்டாரு, நெசமாவே ஊசி போட்டியா ஆவுடைன்னு. அம்மன் மேல சத்தியமா போட்டேன்னேன். காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளை தலையில கைய வச்சுச் சொன்னேன். இனி அந்த வாயால எப்பிடிச் சத்தியம் பண்ணுவேன்?"

வராந்தாவில் ஏதோ ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. எதிர் நாற்காலிக்காரி இவர்களைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சாகுற வரைக்கும்..." என்றாள் கோமதி.

"ஆமா."

"என்னாலதான் என்னாலதான்னு சொல்லிக்கிட்டே போனாரேம்மா!"

"ஆமா" என்றாள் ஆவுடை. மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அது அவருக்குச் சொல்ல வேண்டியது, இவளிடம் சொன்னால் யாரிடம் போய்ச் சேரும்.

"இருபத்து மூணு. மகிழினி! மகிழினி அம்மா யாரு?"

கோமதி எழுந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஆவுடையின் வளையலிலிருந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள், கையை நீட்டி டோக்கனை வாங்கிக்கொண்டாள், ஆனால் வா என்று கூப்பிடவில்லை. ஆவுடையும் எழுந்திருக்கவில்லை. எதிர் நாற்காலிக்காரியைக் கடக்கும்போது கோமதி நின்று, "நீங்க போட்டுக்கிடுங்க. நான் சொன்னது தப்பு" என்றாள். பிறகு கதவுக்குள் போனாள். நர்ஸ் என்னவோ விசாரித்தது கேட்டது. கோமதி "எல்லாமே போடுங்க சிஸ்டர்" என்றதும் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டாள், எவ்வளவு நேரம், அப்புறம் அழுகை வந்தது. கணீரென்று, புதிசாக, வேறு யாருடைய அழுகையாகவும் இல்லாமல்.

திரும்பி வந்து கோமதி ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளை இரண்டு புஜத்திலும் பஞ்சோடு விக்கி விக்கி அடங்கிக்கொண்டிருந்தது. காலி நாற்காலியை ஆவுடை பார்த்தாள். அதில் உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை. நயினாருக்கு இந்நேரம் டீ இடைவேளை. இன்றைக்கு விட்டால் நாளைக்கு நாக்கு பழைய தடத்துக்குப் போய்விடும், அது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்து நகர்ந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணனுக்கு ஃபோன் போட்டுக் குடு, தாயி."